பலிபீடத்துக்கு முன்னே ஒரு நடை

இலங்கையில் கறுப்பு ஜூலை எனப்படும் 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் அயலிலும் வீடிழந்த தமிழர் ஆயிரக்கணக்கில் இரத்மலானை விமான நிலையத்தில் தஞ்சமடைந்தார்கள். பலர் பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். காலி வீதியில் கடைகள் மறுபடி திறந்தன, ஊர் அடங்கியது. அதைச் சமாதானம் என்று சொல்லக் கிறிஸ்தவ மறை இடம்தராது. விவிலியத்தின் எபிரேயச் சொல்லான ஷாலோம், சண்டை ஓய்ந்ததை மட்டும் குறிப்பதல்ல; குறைவின்றி வாழும் நிலையையும் அது குறிக்கும். மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்வதும் இந்தப் பக்கமே நிற்கிறது. பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். நடக்க வேண்டியவன் நோகடித்தவன். நாமோ அடிபட்டவரிடம் போய்த்தான் 'மறந்துவிடுங்கள்' என்கிறோம்.

ஒப்புரவு என்ற சொல்லே கவனிக்கத்தக்கது. திருக்குறளில் அது ஊருக்கு உதவி வாழும் கடமை. கிறிஸ்தவத் தமிழில் முறிந்த உறவைச் சீராக்குவது. இரண்டிலும் கை வெறுமையாக இருக்க முடியாது. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் மனஸ்தாபமும் அறிக்கையும் மட்டும் போதாது, பரிகாரமும் வேண்டும். ஏமாற்றிப் பறித்ததை நாலு மடங்காகத் தருவேன் என்றான் வரி வசூலித்த சக்கேயு. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கறுப்பு ஜூலைக்காக மன்னிப்புக் கேட்டதை இந்த அளவுகோலால் பார்த்தால், அறிக்கை வந்துசேர 21 ஆண்டுகள் எடுத்தன. அதற்குள் பலர் நாட்டிலேயே இல்லை.

பேதுருவிடம் கணக்கின்றி மன்னிக்கச் சொன்னவர் இயேசுதானே, பிறகு நீதிமன்றம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மன்னிப்பைக் காயப்பட்டவர் தனியாகவே கொடுத்துவிடலாம். உறவு திரும்ப இருவர் வேண்டும், நடந்தது என்ன என்பதும் வெளிவர வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஈஸ்டரில் கர்தினால் மல்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்ததாகச் சொன்னார். அதே கர்தினால்தான் சூத்திரதாரிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஓயாமல் கேட்டும் வந்தார். இதில் முரண் தேடுவது மன்னிப்பையும் மறதியையும் ஒன்றாகக் குழப்புவதுதான். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சக்கேயுவோ எந்த நீதிமன்றமும் கூப்பிடுமுன் தானாகவே கணக்குச் சொன்னவன்.