வரப்பு மூலிகைக்கு வந்த ஆபத்து!

போன ஆடி மாதம், ஒரு காலை நேரம். என் வைத்தியசாலைக்கு ஒரு அம்மா அவசரமாக வந்தார். கையில் மஞ்சள் பை. பை நிறையக் கீழாநெல்லி.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு மஞ்சக் காமாலை. இதை அரைச்சு மோர்ல குடுத்துடலாமா? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்கேம்மா பறிச்சீங்க?"

"பக்கத்து வயல் வரப்புலதான். முந்தாநேத்து களைக்கொல்லி அடிச்சாங்க. ஆனா இது வாடாம பச்சைப்பசேல்னு இருக்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

வாசகர்களே, இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து போகிறோம். வரப்பில் அடிக்கப்படும் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் இலையைத் தொட்டவுடன் கருக்கிவிடுவதில்லை. இலை வழியாக உள்ளே போய், தண்டு, வேர் என்று செடி முழுக்கப் பரவுகின்றன. செடி மஞ்சளாகி வாடச் சில நாட்கள் ஆகும். அதுவரை பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே விஷம் இருக்கும். ஏற்கெனவே கல்லீரல் நொந்து கிடக்கும் மனிதருக்கு அதை அரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

2015-ம் ஆண்டு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. சித்த மருத்துவத்தில் நச்சு மூலிகைகளுக்குக்கூடச் 'சுத்தி' முறை உண்டு. களைக்கொல்லிக்கு எந்தச் சுத்தியும் கிடையாது.

பத்தடிக்குப் பத்து மூலிகை

நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, குணபாட ஆசிரியர் எங்களை வயலுக்குத்தான் அழைத்துப் போவார். ஒரு வரப்பைத் தாண்டுவதற்குள் கரிசாலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கீழாநெல்லி, மூக்கிரட்டை எல்லாம் காட்டிவிடுவார். இன்றைக்கு அதே மாதிரி வரப்புகளில் நடந்து பாருங்கள். பல இடங்களில் காய்ந்த புல்தான் மிச்சம். காசில்லாமல் கிடைத்த ஏழையின் மருந்துக்கடை அது. 'களை' என்று பெயர் வைத்து நாமே மூடிக்கொண்டிருக்கிறோம்.

களைக்கொல்லி மட்டுமல்ல. நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் காற்றில் பறந்து வரப்புக் கீரையில்தான் படிகிறது.

விளைச்சல் போய்விடுமா?

"மருந்து அடிக்கலேன்னா பூச்சி தின்னுடுமே டாக்டர்" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். இந்தோனேஷியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே நெற்பயிரைப் புகையான் பூச்சி அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதே தவிரக் குறையவில்லை. காரணம், புகையானைத் தின்னும் சிலந்தியும் மற்ற நல்ல பூச்சிகளும் முதலில் செத்துவிட்டன. 1986-ல் அந்த நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று விவசாயிகளுக்கு வயலிலேயே பாடம் நடந்தது. நாட்டின் நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை!

மாற்று வழி உண்டு

வரப்பை மண்வெட்டியால் கழித்துவிட்டு உளுந்து, தட்டைப்பயறு விதைக்கலாம். நல்ல பூச்சிகள் அங்கே தங்கும். வயலில் பறவைத் தாங்கி நட்டால் பறவைகள் வந்து புழுவைத் தின்னும். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் யூரியாச் செலவு குறையும். வயலுக்குள் களையெடுக்கக் கோனோவீடர் இருக்கிறது. ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை என்பது உண்மைதான். முழு வயலையும் மாற்ற முடியாதவர்கள், வரப்பை மட்டுமாவது விஷமில்லாமல் விட்டுவையுங்களேன்!

நீங்கள் செய்ய வேண்டியது

● வரப்பில் மூலிகை பறிக்குமுன், "மருந்து அடிச்சீங்களா?" என்று வயல்காரரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

● கீரையை ஓடும் தண்ணீரில் பலமுறை அலசுங்கள். மேலே படிந்த மருந்து ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவியது போகாது.

● கீழாநெல்லி, கரிசாலை, பொன்னாங்கண்ணியைத் தொட்டியிலேயே வளர்க்கலாம். பொன்னாங்கண்ணித் தண்டைக் கிள்ளி ஊன்றினாலே போதும்.

● மருந்து அடித்தவருக்கு வாந்தி, அதிக வியர்வை, வாயில் நீர் ஒழுகுதல், மூச்சுத்திணறல் வந்தால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த அம்மாவின் கணவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, என்ன காமாலை என்று தெரிந்துகொண்ட பிறகே சிகிச்சையைத் தொடங்கினேன். இப்போது தேறிவிட்டார். அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் கீழாநெல்லிப் பாத்தி ஒன்று போட்டிருக்கிறார்களாம். உங்கள் வீட்டில் எப்போது?