15,000 பிரசவம் பார்த்த நரசம்மா பாட்டி!

கர்நாடக மாநிலம், தும்கூரு மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பாவகடா தாலுகா. மழையை நம்பி நிலக்கடலை விதைக்கும் வறண்ட பூமி. அந்தத் தாலுகாவின் கிருஷ்ணாபுரா கிராமத்தில் வாழ்ந்தவர் நரசம்மா. ஊர் அவரை ‘சூலகித்தி’ நரசம்மா என்றே அழைத்தது. சூலகித்தி என்றால் கன்னடத்தில் மருத்துவச்சி. நம்முடைய ‘சூல்’ என்ற சொல்லின் உறவு அதில் அப்படியே தெரியும்.

1920-ல் பிறந்த நரசம்மாவுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. 12 வயதில் கல்யாணம். அவருடைய பாட்டி மாரிகெம்மாதான் அந்தப் பகுதியின் மருத்துவச்சி. நரசம்மாவின் பிரசவங்களில் ஐந்தைப் பார்த்ததும் அந்தப் பாட்டிதான். பாட்டியின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே நரசம்மா தொழிலைக் கற்றுக்கொண்டார். 1940-ல், 20 வயதில் தன் உறவுக்காரப் பெண்ணுக்கு முதல் பிரசவம் பார்த்தார். ஊர் வழியாக வந்துபோகும் நாடோடி மக்களிடமிருந்து கர்ப்பிணிகளுக்கான மூலிகை மருந்துகளையும் தெரிந்துகொண்டார்.

வாரத்துக்கு நான்கு!

அதன்பிறகு சுமார் 70 ஆண்டுகள் அந்தக் கை ஓயவில்லை. அவர் பார்த்த பிரசவங்கள் 15,000-க்கும் மேல். கணக்குப் போட்டால், வாரத்துக்கு நான்கு பிரசவம். நடுராத்திரி என்றாலும், அறுவடை நேரம் என்றாலும் கூப்பிட்ட வீட்டுக்குப் போனார். இதற்கு அவர் கூலி கேட்டதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தே குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, துடிப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பது அவரைப் பற்றி ஊரே சொல்லும் செய்தி.

நரசம்மா பெற்றது 12 பிள்ளைகள். அவர்களில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். பிள்ளையைப் பறிகொடுப்பது என்ன என்று அறிந்தவர்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்தார். பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி என்று குடும்பம் பெருகியது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவர் பாட்டியானார்.

2014-ல் தும்கூர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி, 98 வயதில், பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் சிகிச்சையில் இருந்தபோது காலமானார்.

அதே ஆண்டில் இன்னொரு சம்பவம்

நரசம்மாவுக்கு பத்மஸ்ரீ கிடைத்த அதே 2018-ம் ஆண்டு, ஜூலை மாதம் திருப்பூரில் நடந்த சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், ரத்தப்போக்கு அதிகமாகி இளம் தாய் ஒருவர் இறந்துபோனார். ‘அந்தக் காலத்துல பாட்டிங்க வீட்லதானே பார்த்தாங்க?’ என்ற பேச்சு அப்போதும் வந்தது. இயற்கை விவசாயத்தில் ஆர்வம் உள்ள குடும்பங்களில் இன்றும் அது வருகிறது.

அந்தப் பேச்சுக்கு நரசம்மாவின் வாழ்க்கையே பதில். அவர் வீடியோ பார்த்து வந்தவர் இல்லை. அனுபவமுள்ள ஒரு பாட்டியின் பக்கத்தில் இருந்து பழகியவர். ஆஸ்பத்திரியும் வண்டி வசதியும் எட்டாத காலத்தில், வேறு வழியில்லாத பெண்களுக்கு அவர்தான் கதி. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்குக்கு ஊசியும், ரத்தமும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் வேண்டும். அவை வீட்டில் இல்லை. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

தமிழ்நாட்டில் இன்று 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆகவே, நரசம்மாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வீட்டுப் பிரசவத்தை அல்ல, அந்தத் துணையை. வலியில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிந்த முகம், தைரியம் சொல்லும் வார்த்தை, பிடித்துக்கொள்ள ஒரு கை. அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் குடும்பத்துப் பெண் ஒருவர் உடனிருக்கும் நடைமுறை இருக்கிறது. அம்மாவோ, மாமியாரோ, அத்தையோ, யார் கூடப் போவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால்...

* கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். மாதாந்திரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

* ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது... இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

* மருத்துவரிடம் கேட்காமல் எந்த மூலிகையையும் கொடுக்காதீர்கள்.

* தோட்டத்துச் சாலையில் குடியிருப்பவர்கள், ராத்திரியில் வண்டி வந்துசேரும் வழியை முன்பே பார்த்து வையுங்கள். தேதி நெருங்கினால் ஊருக்குள் இருக்கும் உறவினர் வீட்டில் தங்கவைப்பது நல்லது.

நரசம்மா பாட்டியின் 70 ஆண்டு உழைப்பும் ஒரே நோக்கத்துக்குத்தான்: தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிய வேண்டும். இன்று அதற்கான வழி, மருத்துவமனை வாசலில் தொடங்குகிறது. பாட்டிமார்கள் அந்த வாசல் வரை கூடவே போகட்டும். முடிந்தால் அதற்கு உள்ளேயும்.