வெயில் ஊருக்கு ஒரு குளிர்காலக் கீரை

நான் குடியிருக்கும் வட ஃப்ளோரிடாவில் கோடை வந்துவிட்டால் முட்டைக்கோஸ் தலை கட்டாது, காலிஃபிளவர் பூப் பிடிக்காது. அதே குடும்பத்தில் பிறந்த காலர்ட் கீரைக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குத் தலையும் வேண்டாம், பூவும் வேண்டாம், இலைதான் விளைச்சல். சாம்பல் பூத்த பச்சையில் முறம் போல இலை விரிக்கும் இதை அமெரிக்கத் தென் மாநிலங்களின் பல வீட்டுத் தோட்டங்களில் பார்க்கலாம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கைப்பக்குவத்தில் ஊறிய உணவு இது. 2011இல் தென் கரோலினா இதைத் தன் மாநிலக் கீரையாக அறிவித்தது.

வெயிலைத் தாங்கும் என்பதற்காகக் கோடையில் பயிரிட்டால் இலை தடித்துக் கசக்கும், புழுவும் மொய்க்கும். அதனால் நான் ஆவணியில் நாற்றுவிட்டு, ஐந்தாறு வாரத்தில் பிடுங்கி நடுகிறேன். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். எங்கள் மண் வெறும் மணல். தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. மட்கிய உரத்தைத் தாராளமாகக் கலந்து, மேலே வைக்கோல் மூடாக்குப் போடுகிறேன். இலைப்பயிர் என்பதால் தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வெப்பத்துக்கு ‘ஜார்ஜியா சதர்ன்’ என்ற பழைய ரகம் நன்றாக ஈடுகொடுக்கும். ‘வேட்ஸ்’ குட்டையானது, சீக்கிரம் பூக்காது.

“ஒரு உறைபனி விழட்டும், அப்புறம் பறி” என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. குளிரில் செடி தன்னைக் காத்துக்கொள்ள இலையில் சர்க்கரையைச் சேர்க்கிறது; அதனால்தான் மார்கழி, தை மாதத்து இலைக்கு இனிப்பு அதிகம். அடியிலைகளை மட்டும் ஒடித்து, நுனிக்குருத்தை விட்டுவைத்தால் மாதக்கணக்கில் பறிக்கலாம். வெயில் ஏறி மஞ்சள் பூ வந்தால் செடியைப் பிடுங்கிவிடலாம்.

பெரிய தொல்லை வைர முதுகு அந்துப்பூச்சியின் புழுவும் அசுவினியும். இரண்டும் இலையின் அடிப்புறத்தில்தான் ஒளிந்திருக்கும். தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாக் கரைசலை மாலையில் தெளிக்கிறேன். அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சியே விரட்டிவிடலாம். பூச்சிகள் தொடராமலிருக்க, அடுத்த ஆண்டு அதே பாத்தியில் கோஸ், கடுகு இனம் எதையும் வைப்பதில்லை.

தென் மாநிலத்தார் காலர்ட் இலையைப் புகையூட்டிய இறைச்சியோடு நெடுநேரம் வேகவைப்பார்கள். புத்தாண்டன்று தட்டைப்பயறோடு பரிமாறுவார்கள். நான் நடுநரம்பை நீக்கி, இலையைச் சுருட்டி மெல்லியதாக அரிந்து, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய்கிறேன். இதில் கால்சியம் அதிகம். வைட்டமின் கேயும் மிக அதிகம். அது இரத்தம் உறைய உதவுவதால், உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

ஃப்ளோரிடா, டெக்சாஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் வசந்தத்தில் கடை நிறைய நாற்றைக் கண்டு மயங்கவேண்டாம். விதையை வாங்கி வைத்துக்கொண்டு ஆவணி வரை பொறுங்கள்.