அகத்தியர் பெயர் வழங்கும் மலை ஏரி

மும்பையில் குடியேறிய நம்மவர்க்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் இரண்டு வழிகளே தெரியும். ஒன்று, தாதரிலோ குர்லாவிலோ ஏறித் தமிழ்நாட்டுக்குச் செல்லும் ரயில். மற்றொன்று, ஊரார் அனைவரும் கூடி நெரியும் மாதேரானும் லோணாவளாவும். நாம் வாழும் இம்மராட்டிய மண்ணில், அரை நாள் பயணத்துக்குள், அகத்திய முனிவரின் பெயரை நாள்தோறும் சொல்லும் ஒரு மலைநாடும் அதன் நடுவே அமைதியான ஒரு நன்னீர் ஏரியும் இருக்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பண்டார்தரா என்பது அவ்வூரின் பெயர். சென்ற அக்டோபரில், மழை ஓய்ந்து வெயில் கடுமை கொள்ளாத நாட்களில், நாங்கள் நான்கு குடும்பத்தினர் கட்டுச்சோற்றுடன் அங்குச் சென்று இரண்டு நாட்கள் தங்கி வந்தோம்.

காசாராவைத் தாண்டி ரயில் கணவாய் ஏறத் தொடங்கியதுமே நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. இகத்புரியில் இறங்கி, கோட்டி வழியாகச் சாலையில் சென்றால் இருபுறமும் கரும்பாறை மலைகள். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிய பாறை இது. ஆகவே இம்மலைகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைப்போல் உருண்டு திரண்டவை அல்ல. படிக்கட்டுகளை வெட்டி அடுக்கியதுபோல் நிற்பவை. அவற்றுள் மகாராஷ்டிரத்திலேயே உயர்ந்ததாகிய கள்சூபாய் சிகரம் 1,646 மீட்டர் உயரம் உடையது. சரிவுகளில் சோன்கி என்னும் சிறு மஞ்சட்பூ பரந்து கிடந்தது. பள்ளங்களில் நெல் பழுத்திருந்தது, மேட்டில் கேழ்வரகு. இங்கு அதனை நாச்சணி என்கிறார்கள். எங்களுடன் வந்த பாட்டியார் கதிர் ஒன்றைக் கையில் வாங்கி உதிர்த்துப் பார்த்து, "நம் ஊர்க் கேழ்வரகேதான்" என்று மகிழ்ந்தார்.

ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. ரத்தன்கட் மலையில் பிறக்கும் பிரவரை நதியை மறித்துக் கட்டிய அணையினால் தேங்கியது. அணை வேலை 1910இல் தொடங்கி 1926இல் முடிந்தது. அப்போது பம்பாய் மாகாண கவர்னராக இருந்த சர் லெஸ்லி வில்சனின் பெயரை அணைக்கு இட்டனர். ஏரியை ஆர்தர் ஏரி என்றனர். கல்லாலான இவ்வணை 82 மீட்டர் உயரமும் 507 மீட்டர் நீளமும் உடையது. உயரத்தில் இது 1934இல் முடிந்த நம் மேட்டூர் அணையையும் விஞ்சுகிறது. ஆயினும் நீர்க்கொள்ளளவு ஏறத்தாழ 11 டி.எம்.சி. மட்டுமே, மேட்டூர் கொள்வதில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. குறுகிய, ஆழமான பள்ளத்தாக்கு அல்லவா! 1969இல் அணையில் விரிசலும் கசிவும் கண்டன. பின்னர் பெரிய முட்டுச்சுவர்கள் எழுப்பி அதனை வலுப்படுத்தினார்கள். அச்சுவர்களை இன்றும் கீழிருந்து காணலாம்.

காலை ஏழு மணிக்குப் படகில் ஏறினோம். ஏரியின் மறுகோடியில் உள்ள ரத்தன்வாடி வரை செல்வதாக ஏற்பாடு. காற்று இல்லை. மலைகள் தலைகீழாக நீரில் நின்றன. துடுப்போசையைத் தவிர வேறு ஓசை கிடையாது. பிறந்தது முதல் மின்ரயில் இரைச்சலிலேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

படகோட்டி மகாதேவ் கோளி வகுப்பினர், அறுபதைக் கடந்தவர். அவர்தாம் அகத்தியர் கதையைத் தொடங்கினார். அகஸ்தி ரிஷி இம்மலையில் நீரும் காற்றுமே உணவாக ஓராண்டு தவம் செய்தாராம், இறைவன் மனமிரங்கிக் கங்கையின் ஓர் இழையை அவருக்கு அளித்தானாம், அதுவே பிரவரையாம். வட்டத்தின் தலைநகராகிய அகோலேயில் ஆற்றங்கரையில் அவருடைய ஆசிரமம் இருக்கிறது. இராமபிரானுக்கு அவர் அம்பு தந்தது அவ்விடத்தில்தான் என்பது அவ்வூரார் நம்பிக்கை. நாங்கள் எங்களுக்குத் தெரிந்த மராட்டியில், அம்முனிவரே தெற்கே வந்து பொதிகையில் அமர்ந்ததையும், அவருடைய கமண்டலத்தைக் காகம் கவிழ்க்கக் காவிரி பெருகியதையும், தமிழுக்கு அவர் இலக்கணம் வகுத்தார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதையும் எடுத்துரைத்தோம். பெரியவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்படியானால் அவர் இங்கிருந்துதான் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறார்" என்று முடிவு கட்டினார். வழக்கு அவர் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. விந்தியத்தை அடக்கிவிட்டுத் தெற்கே வந்தவர்க்கு இது வழியில் உள்ள ஊர்தானே! இரண்டு இடங்களிலும் அவர் நீரைக் கொணர்ந்தவராகவே போற்றப்படுவதுதான் எங்கள் மனத்தில் தங்கியது.

ரத்தன்வாடியில் அமிர்தேசுவரர் கோயில். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. கருங்கல்லில் அடிமுதல் முடிவரை நுண்ணிய வேலைப்பாடு. அருகே படிகள் இறங்கும் சதுரக் குளமும் உண்டு. கோயிலைப் பற்றி விரித்தெழுத இங்கே இடமில்லை. ஆனால் குளத்துப் படியில் அமர்ந்திருந்தபோது கேட்ட செய்தியை எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஏரி நிறைந்தபோது பள்ளத்தாக்கின் நல்ல வயல்கள் மூழ்கின. அவற்றை உழுதவர்களின் மக்கள் மேட்டுச் சரிவுகளில் மெலிந்த மண்ணில் பயிரிடுகிறார்கள். மழையோ, சூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. எனினும் பாறை நீரை உள்வாங்குவதில்லை. பெய்தது அத்தனையும் ஓடி ஏரியில் விழுந்துவிடுகிறது. ஏரி நீர் மேலே ஏற வேண்டுமானால் பம்பும் மின்சாரமும் குழாயும் வேண்டும். அதனால் சித்திரை, வைகாசியில் இம்மலைக் குக்கிராமங்கள் சிலவற்றில் பெண்கள் குடிநீருக்காகக் குடம் சுமந்து நெடுந்தூரம் நடக்கிறார்கள். கண்ணெதிரே ஏரி; வீட்டிலே வெறுங்குடம். "எங்கள் நீர், கீழே கரும்பாகிறது" என்றாள் குடத்துடன் வந்த ஒரு தாய். கோபமாகச் சொல்லவில்லை, நாளும் நடப்பதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் சொன்னது உண்மையே. பிரவரைக் கால்வாய்கள் பாயும் சமவெளியில் கரும்பு தழைத்தது. விட்டல்ராவ் விகே பாட்டீலும் பொருளியல் அறிஞர் காட்கிலும் முன்னின்று, 1950ஐ ஒட்டி லோணியில் தோற்றுவித்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, நாட்டுக்கே வழிகாட்டியது. உழவரே உடைமையாளராக அமைந்த அம்முயற்சியை நாம் குறை கூறுவதற்கில்லை. நம் வீட்டுக் காப்பியில் கரையும் சர்க்கரையிலும் இந்த ஏரியின் துளி இருக்கக்கூடும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் மழைகுன்றிய வட்டங்களுக்கு நீர் தருவதற்கென 1970இல் எண்ணப்பட்ட நிள்வண்டே அணையின் இடக்கரைக் கால்வாய் 2023 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் காத்திருந்தது என்று பொருள். கீழுள்ளவர்க்கே இவ்வளவு தாமதம் என்றால், ஏரிக்கு மேலே இருப்பவர்களின் முறை எப்போது வரும் என்ற கேள்விக்கு அத்தாயிடம் நாங்கள் சொல்லத்தக்க விடை ஒன்றும் இருக்கவில்லை.

இம்மலை மக்கள் எளியவர்கள் எனினும் எளிதில் பணிந்தவர்கள் அல்லர். இவர்களுள் தோன்றிய ராகோஜி பாங்கரே வெள்ளையரையும் வட்டிக்கடைக்காரரையும் எதிர்த்துப் போராடி, 1848இல் தாணேயில் தூக்கிலேறினார். நம் காலத்தில், இதே அகோலே வட்டத்துக் கொம்பாள்ணே சிற்றூரைச் சேர்ந்த ராகீபாய் போபெரே அம்மையார், பள்ளி சென்றறியாதவர், நாட்டு விதைகளைச் சேர்த்துக் காத்து 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்றார். நெல், அவரை, கீரை எனக் கைவிடப்பட்ட பல வகைகள் அவர் வீட்டு மண்கலங்களில் பிழைத்திருந்தன. காட்டில் கடுக்காயும் தான்றிக்காயும் பொறுக்கி விற்பதும் இம்மக்களுக்கு ஒரு வருவாய். சித்த மருத்துவம் அகத்தியரைத் தலைவராகக் கொள்ளும் நமக்கு, அவர் தவம் செய்த காட்டில் கடுக்காய் குவிந்திருப்பதைக் காண்பது தனி மகிழ்ச்சி.

அக்காட்டு மரங்களில்தான் மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும், முதல் மழைக்கு முன், மின்மினிகள் இலட்சக்கணக்கில் கூடி ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. காணவரும் கூட்டமும் பெருகிவிட்டது. காரின் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு மின்மினி பார்க்க வருகிறவர்களை என்னென்பது! ஒளியால் ஒன்றையொன்று அழைத்து இணையும் பூச்சிகள் அவை. நம் விளக்கு அவற்றின் பேச்சைக் குலைத்துவிடும். போகிறவர்கள் விளக்கணைத்து, மரத்துக்கு எட்டி நின்று பார்க்க வேண்டுகிறோம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மும்பையிலிருந்து நாசிக் செல்லும் ரயிலில் இகத்புரியில் இறங்கலாம். அங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஏரிக்கரையில் மகாராஷ்டிரச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி உண்டு; சிற்றூர்களிலும் வீடுகளில் தங்க இடம் தருகிறார்கள். சூலை, ஆகஸ்டில் மழை மிகக் கடுமை; முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்கள் அக்டோபர், நவம்பரைத் தேர்ந்தெடுப்பது நலம். கரை திடீரென ஆழமாவதால் பிள்ளைகளைக் குளிக்க விடலாகாது. சோறு வீட்டிலிருந்து கட்டிச் செல்ல வேண்டியதில்லை. ரத்தன்வாடியில் சொல்லிவைத்தால் நாச்சணி ரொட்டியும் சூடான பருப்பும் ஆக்கித் தருகிறார்கள். எங்கள் பாட்டியார் மூன்று ரொட்டி உண்டார்.