முதலில் ஒரு கொட்டகை

மாதிரி ரயில் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு முதல் ஆசை எஞ்சின்மேல்தான். பலகையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு வண்டியை ஓடவிட்டால் அரை மணி நேரம் சந்தோஷம். அப்புறம், இது எங்கிருந்து எங்கே போகிறது என்ற கேள்வி வந்துவிடும். தண்டவாளத்தோரம் ஒரு சரக்குக் கொட்டகை நிற்கட்டும். அங்கே மூட்டை ஏற்ற ஆள் உண்டு, வண்டி நிற்கக் காரணம் உண்டு. பலகை ஊராகிவிடும்.

பிரிட்டனில் இதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஜான் அஹெர்ன். 1930களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய ‘மேடர் வேலி’ ரயில்பாதையில் எஞ்சினுக்குக் கொடுத்த கவனம் வீடுகளுக்கும் கிடைத்தது. அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் லாங் விட்டனம் கிராமத்தில், பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்டனை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட். (ஆமாம், பெயரே அதுதான்.) கண்ணெதிரே உருமாறிக்கொண்டிருந்த கிராமத்து வீடுகளை மாதிரிகளாகவாவது காப்பாற்ற நினைத்தார். அங்கே அட்டைச் சுவரில் செங்கல் செங்கலாக வர்ணம் தீட்டினார்கள். கூரை வேய, குழாய் மரையில் கசிவைத் தடுக்கச் சுற்றும் சணல் இழை.

இதைப் பார்த்துவிட்டு, முதல் வேலையாகவே தேவாலயமோ ஆலையோ கட்டக் கிளம்புகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாம் 87இல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். ஆறடி ஆள் 21 மில்லிமீட்டர் உயரம். 300 அடி நீள ஆலையை அப்படியே செய்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். கைதேர்ந்தவர்களே பத்து ஜன்னலில் நாலை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். 20க்கு 12 அடிக் கொட்டகை என்றால் 70க்கு 42 மில்லிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கும். நாலு சுவர், ஒரு கதவு, ஒரு கூரை. அட்டையிலோ மரத்திலோ செய்யலாம். என் ஓட்டு பிளாஸ்டிக் கிட்டுக்கு. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் 1946இல் தொடங்கிய ஃபாலர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

கிட்டின் துண்டுகள் ஒரு சட்டத்தோடு ஒட்டியே வரும்; அவற்றை அதிலிருந்து முறித்து எடுக்கக் கூடாது. வெட்டி எடுத்து, பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும். அடுத்தது மூலை. இதில் பொறுமையே வேலை. பிளாஸ்டிக் பசை இரு துண்டுகளின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஆகவே முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, தச்சர் மூலைமட்டம் வைப்பதுபோல ஒரு சின்ன மட்டம் வைத்து, அதன்பிறகே தூரிகையால் துளிப் பசை. முதல் மூலை கோணினால் நான்காவது மூலையில் கூரை உட்காராது. ஒரு மில்லிமீட்டர் இடுக்கு நிஜத்தில் 87 மில்லிமீட்டர், பூனைக்குட்டி நுழையலாம்.

ஜன்னல் கண்ணாடியைச் சுவருக்கு வர்ணம் அடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும், அதுவும் வெள்ளைப் பசையால். உடனே பிடிக்கும் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி மங்கிப்போகும். உள்ளே விளக்கு வைக்கும் எண்ணமிருந்தால், சுவரின் உட்புறத்துக்கு முதலிலேயே கறுப்பு அடித்துவிடுங்கள். இல்லையென்றால் சுவரே ஒளிரும்.

வர்ணத்தில் பளபளப்பு ஆகாது. செங்கல் சுவரென்றால் செங்காவி அடித்து, காய்ந்ததும் நீர்த்த வெளிர்சாம்பலைத் தடவி உடனே துடைக்க வேண்டும். பள்ளத்தில் தங்குவது சுண்ணாம்புச் சாந்தாகிவிடும். பழமை வேண்டுமா? ஆல்கஹாலில் சில சொட்டு கறுப்பு மை கலந்து ஒருமுறை பூசினால் பலகை இடுக்கெல்லாம் அழுக்கேறும். துரு எப்போதும் ஆணியிலிருந்து கீழே வழியும், பக்கவாட்டில் போகாது. இதற்கு வழிகாட்டிப் புத்தகத்தைவிட நிஜமான தகரக் கொட்டகை ஒன்றைப் பத்து நிமிடம் பார்ப்பது மேல்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கட்டடத்தைப் பலகைமேல் சும்மா வைத்தால், அடியில் இடுக்குத் தெரிந்து அந்தரத்தில் நிற்கும். அடிவிளிம்பைச் சுற்றிச் சலித்த மண்ணும் கொஞ்சம் புல்தூளும் போட்டு அணைத்துவிட வேண்டும். ஆனால் கட்டடத்தைப் பலகையோடு ஒட்டிவிடாதீர்கள். அடுத்தடுத்த கட்டடங்கள் தேற ஆரம்பித்ததும் இதைப் பின்வரிசைக்கு நகர்த்தத் தோன்றும். தூரத்தில் வைத்தால் குறை தெரியாது. தூக்கி எறியவும் தேவையில்லை. கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் வீட்டின் அடித்தள அறை முழுக்க மலையும் பாலமுமாக எழுப்பிய ‘கோரி அண்ட் டெஃபீட்டட்’ ரயில்பாதை, இந்தப் பொழுதுபோக்கில் பேர்பெற்றது. சுமார் நாலடிக்கு ஏழடியில் அவர் முதலில் செய்த சின்னப் பாதையும் அந்தப் பெரிய அமைப்புக்குள்ளேயே ஒரு பகுதியாக ஓடிக்கொண்டிருந்தது.