விளையாட்டை மட்டும் அனுப்பினால் போதுமா?

உங்கள் மகனோ மகளோ கணினியில் தானே கதை புனைந்து, பாத்திரங்களைப் படைத்து, சாகசக் கதை விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகின்றனரா? அவ்வாறாயின் இதனை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் உழைத்து முடித்த விளையாட்டு, ஆக்கியவரின் கணினியில் செவ்வனே ஓடும். நண்பருக்கு அனுப்பினாலோ, முதற்காட்சியிலேயே ‘கோப்பைக் காணவில்லை’ என்று நின்றுவிடும். குறை கதையில் இல்லை. மூட்டை கட்டியதில் இருக்கிறது.

ஜப்பானில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆர்.பி.ஜி. மேக்கர் 2000’ என்னும் மென்பொருள், நிரல் எழுதத் தெரியாதவரும் இத்தகைய விளையாட்டுகளை ஆக்க வழி செய்தது. வீரர்கள், வீடுகள், அரக்கர்கள், இசை யாவும் அதனுடன் ஆயத்தமாக வந்தன. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்து வந்த காலம் அது. ஒரே படங்களையும் இசையையும் ஒவ்வொரு விளையாட்டுடனும் அனுப்புவானேன்? அப்பொதுச் சரக்கை ‘ஆர்.டி.பி.’ எனத் தனிப் பொதியாக வழங்கினர். ஆடுபவர் அதனை ஒருமுறை நிறுவிக்கொண்டால், விளையாட்டுகள் சிறு பொதிகளாக வந்து சேரும். மஹல்லாவின் பொதுத் தேக்சாக்களில் எல்லார் வீட்டுத் திருமணத்துக்கும் சமைப்பது போன்ற நல்ல ஏற்பாடுதான். ஆனால், வேற்றூரில் சமைக்கப் போகிறவர் அங்கும் தேக்சா இருக்கும் என்று வெறுங்கையுடன் போகலாமா?

பொதி இருந்தும் சிக்கல் எழுந்ததுண்டு. அதிகாரபூர்வமான ஆங்கிலப் பதிப்பு 2015இல்தான் வந்தது. அதற்கு முன்பே ஆர்வலர்கள் தாமாக மொழிபெயர்த்துப் பரப்பிய பதிப்பில், ஜப்பானியக் கோப்புப் பெயர்கள் ஆங்கிலமாயின. படம் அதுவே, பெயர் வேறு. கணினிக்குப் பெயர்தானே முகவரி! ஜப்பானியப் பொதியை நிறுவியவரிடம், ஆங்கிலப் பெயரைத் தேடிய விளையாட்டு ஏமாந்து நின்றது.

ஆகவே, பயன்படுத்திய பொதுக் கோப்புகளை விளையாட்டின் கோப்புறையிலேயே படியெடுத்து வையுங்கள். 2000, 2003 பதிப்புகளாயின், அமைப்புக் கோப்பில் ‘ஃபுல்பேக்கேஜ்ஃப்ளாக்’ என்பதற்கு 1 என மதிப்பிடுங்கள். ‘வேண்டியவை அனைத்தும் உடனிருக்கின்றன, வெளியே தேடாதே’ என்பது அதன் பொருள். 2011இல் வந்த ‘வி.எக்ஸ். ஏஸ்’ பதிப்பில் வேலை எளிது, பொதியும்போது ஆர்.டி.பி.யைச் சேர்க்கும் கட்டத்தில் குறியிட்டால் போதும்.

2015இன் ‘எம்.வி.’ பதிப்பிலோ நிலைமை தலைகீழ். புதிய விளையாட்டைத் தொடங்கியவுடன் பொதுச் சரக்கு முழுவதும் அதனுள் வந்து குவிந்துவிடும். ஐந்து நிமிடக் கதைக்கும் பெருமூட்டை! பயன்படாத கோப்புகளை நீக்கும் வசதி அதில் உண்டு. ஆயினும் எச்சரிக்கை தேவை. பிறர் எழுதிய துணைநிரல் ஒன்று தன்னுள்ளே பெயர் சொல்லி அழைக்கும் படத்தை அவ்வசதி அறியாது. பயனற்றது என்று நீக்கிவிடக்கூடும். நீக்கும் முன் முழுப் படி ஒன்றைத் தனியே பாதுகாத்து வையுங்கள்.

இன்னொன்றும் கூற வேண்டும். இப்படங்களும் இசையும் நிறுவனத்தின் உடைமை. அந்த மென்பொருளால் ஆக்கிய விளையாட்டுடன் அனுப்ப இசைவு இருக்கிறது என்பதால், வேறெதற்கும் எடுத்தாளலாம் என்றாகிவிடாது. உரிம விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். எவரும் படிப்பதில்லை என்பது வேறு செய்தி.

மூட்டை கட்டிய பின், ஆக்கிய கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது சோதனையே அன்று. அங்குதான் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே! இம்மென்பொருளை ஒருநாளும் நிறுவியிராத சாச்சா வீட்டுக் கணினியில், தொடக்கம் முதல் இறுதிக் காட்சி வரை ஆடிப் பாருங்கள். காணாத கோப்பு கடைசிப் போரின் இசையாகவும் இருக்கலாம்.