செயலியில் படம் தோன்றாமை: காரணமும் பரிகாரமும்

படம் என்ற சொல்லுக்கு அகராதியில் துணி என்றும் ஒரு பொருள் உண்டு. துணியில் தீட்டிய சித்திரத்துக்கு வழங்கிய சொல் காகிதத்துக்கு வந்து, இப்போது கைப்பேசிக் கண்ணாடிக்குள் குடியேறிவிட்டது. துணியும் காகிதமும் கையில் இருக்கும் பொருள்கள்; கிழிந்தால் கிழிசல் தெரியும். கைப்பேசியில் நாம் காண்பதோ, ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ வரவழைத்து அந்த நிமிடத்தில் தீட்டிக் காட்டும் சித்திரம். வரும் வழியில் எங்கே தடை நேர்ந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மாதிரி வெறும் கட்டம்தான். "போட்டோ எல்லாம் அழிஞ்சு போச்சே" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவது இதனால்தான். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது அற்ப விஷயம் அன்று. ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த தாத்தா பாட்டி படங்களை ஸ்கேன் செய்து, ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் குடும்பத்துக்கென்று ஒரு சிறு செயலி செய்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நாலு படம் வரவில்லை என்றதும் அதைக் கைவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கித்தான் போகும். நாலு கை மாறியபின் பாட்டியின் மூக்குத்தி ஒரு புள்ளியாகக்கூட மிஞ்சாது. அந்தச் சுருங்கிய பிரதியையே மூலம் என்று அடுத்த தலைமுறை வைத்துக்கொள்ளும். உண்மையான நஷ்டம் அங்கேதான்.

ஆகவே கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். கூகுளின் ஃபிளட்டர் என்ற கருவித் தொகுப்பை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2018 டிசம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. ஒரே நிரல் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆகும் என்பதால் பிள்ளைகள் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். என்னுடையது கல்லாப்பெட்டிப் படிப்பு என்பதால் சரக்கு வராத கணக்காகவே விளக்குகிறேன்.

முதல் கேள்வி: படம் செயலிக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டதா, இணையத்திலிருந்து வருகிறதா? இதைக் கேட்காமல் நிரலைக் கிண்டுவது, சரக்கு குடோனில் இருக்கிறதா லாரியில் இருக்கிறதா என்று தெரியாமல் எல்லாருக்கும் போன் போடுவது மாதிரி.

உள்ளே கட்டிய படமானால் 'பப்ஸ்பெக்' என்ற பட்டியல் கோப்பைப் பாருங்கள். சரக்கோடு போகும் சிட்டை அது. அதில் பெயர் இல்லாத படம் செயலியோடு போகாது. அங்கே வரியின் முன் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. 'அசெட்ஸ்' என்ற சொல் 'ஃபிளட்டர்' என்ற தலைப்பின்கீழ் இரண்டு இடம் தள்ளி நிற்க வேண்டும், டேப் பொத்தானை அழுத்தித் தள்ளக் கூடாது. ஓர் அடைவின் பெயரைச் சொன்னால் அதில் நேராக உள்ள படங்கள் மட்டும் சேரும். உள் அடைவுகளைத் தனித்தனியே எழுத வேண்டும். திருத்தியபின் செயலியை நிறுத்தி முழுதாக மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பட்டியலும் சரி, ஆனாலும் வரவில்லையா? பெயரில் கண் வையுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸ் கணினிக்குப் பொதுவாக ஒன்றுதான், ஆண்ட்ராய்டுக்கு வெவ்வேறு. தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இதைவிட நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. 'கொடுமுடி' என்பதில் உள்ள 'கொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி முழுதையும் ஒரே எண்ணால் குறிப்பது ஒன்று. ஒற்றைக்கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று பிரித்துக் குறிப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. எண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். கண்ணால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிழை அகப்படாது. தமிழ்ப் பெயரைப் படத்தின் கீழே தலைப்பாகக் காட்டுங்கள். கோப்புக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும் போதும். தமிழ்ப்பற்றுக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை.

இணையத்திலிருந்து வரும் படமானால், அதன் முகவரியை உலாவியில் ஒட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. 404 என்றால் அந்த விலாசத்தில் பொருள் இல்லை. 403 என்றால் கொடுக்க மறுக்கிறார்கள். உலாவியில் படம் தெரிந்துவிட்டால் மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, பகிர்வதற்குக் கிடைக்கும் இணைப்பை அப்படியே நிரலில் ஒட்டுகிறார்கள். அந்த இணைப்பு திறப்பது படத்தை அன்று, படத்தைச் சட்டமிட்டுக் காட்டும் ஒரு வலைப்பக்கத்தை. செயலி படம் கேட்டது, எழுத்து நிறைந்த பக்கம் வந்தது. 'படத் தரவு சரியில்லை' என்று கைவிரிக்கிறது. முகவரி நேராகப் படக் கோப்பில் போய் முடிய வேண்டும்.

இன்னொன்று. வீட்டில் சோதித்தபோது எல்லாப் படமும் வந்தது, உறவினர்களுக்கு அனுப்பியபின் ஒன்றுகூட வரவில்லை என்பார்கள். புது ஃபிளட்டர் திட்டத்தில் ஆண்ட்ராய்டுக்கான இணைய அனுமதி சோதனைப் பதிப்புக்குத்தான் தானாக எழுதப்பட்டிருக்கும். வெளியீட்டுப் பதிப்புக்கு 'மெயின்' அடைவிலுள்ள மேனிஃபெஸ்ட் கோப்பில் அந்த ஒரு வரியை நாமே சேர்க்க வேண்டும்.

கோப்பின் வகையும் படுத்தும். ஸ்கேன் கடையில் டிஃப் கோப்பாகக் கொடுப்பார்கள். பாதுகாத்து வைக்க அது உசத்தி, ஆனால் ஃபிளட்டர் தானாகத் திறக்கும் வகைகளில் அது இல்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் 'ஹெய்க்' வகையில் படம் எடுக்கிறது. பழைய ஆண்ட்ராய்டுகளில் அது திறக்காது. வால் பெயரை மட்டும் ஜேபெக் என்று மாற்றுவது, சாக்கு மாற்றாமல் லேபிளை மாற்றுகிற வேலை. முறையாக உருமாற்றிய பிரதியைச் செயலியில் வைத்து, மூலத்தைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக எடை. இதைத்தான் பலர் நம்புவதில்லை. 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400, அதாவது 86,40,000 புள்ளிகள். கோப்பாக அது 3 எம்.பி.தான் இருக்கலாம். ஆனால் திரையில் தீட்ட விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வேண்டும்: சுமார் 34.5 எம்.பி. ஒரே நேரத்தில் 30 படம் விரித்தால் 1,000 எம்.பி.யைத் தாண்டிவிடும். சாதாரணக் கைப்பேசி திணறும், செயலியே மூடிக்கொள்ளும். கட்டைவிரல் அளவு கட்டத்துக்கு இவ்வளவு எதற்கு? 'கேஷ்வித்' என்ற இடத்தில் அகலம் 400 என்று குறித்தால் ஒரு படத்துக்கு அரை எம்.பி.கூட ஆகாது. பட வரிசைக்கு 'கிரிட்வியூ பில்டர்' முறையைக் கையாண்டால் கண்ணுக்கு வரும் பகுதியை ஒட்டிய படங்கள் மட்டுமே விரியும்.

பிள்ளைகளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. படம் வராத இடத்தில் அழகான பொம்மைப் படம் ஒன்றை வைத்து மூடிவிடுகிறார்கள். பார்க்க லட்சணம்தான், பிழை அங்கேயே புதைந்துபோகும். ஃபிளட்டரில் 'எரர்பில்டர்' என்ற வசதி இருப்பது காரணத்தை வெளியே கொண்டுவரத்தான். வராத படத்தின் கோப்புப் பெயரையும் பிழைச் செய்தியையும் அந்தக் கட்டத்திலேயே சிறிய எழுத்தில் காட்டச் செய்யுங்கள். ஊரில் இருக்கும் அத்தை அதைப் போனில் எழுத்துக்கூட்டிச் சொன்னால் போதும், இங்கிருந்தபடியே தேடி எடுத்துவிடலாம்.